படுக்கையருகே பிறக்கும் கேள்வி

வைத்திய சாஸ்திரத்தைக் கற்கப் புகுந்த ஒருவருக்கு மெய்யான சந்தேகங்கள் வகுப்பறையில் பிறப்பதில்லை. பேராசிரியர் பாடம் சொல்லும்போது எல்லாம் விளங்கிவிட்டது போலவே தோன்றும். புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு இரவு முழுதும் படிக்கும்போதும் அப்படியே. ஆனால் வார்டில், மூச்சிரைப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரின் கட்டிலருகே நின்று, அவருடைய கணுக்காலில் விரலை அழுத்திக் குழி விழுவதைப் பார்த்து, கழுத்தின் இரத்தக்குழாய் புடைத்திருப்பதையும் கண்டு, இவருடைய இதயம் தளர்ந்திருக்கிறது என்று மாணவர் ஊகித்த மறுகணமே, சிறுநீரைப் பெருக்கும் மருந்தை எந்த அளவில் தொடங்குவது, சிறுநீரகமும் சற்றே பழுதுபட்டிருக்கும் இவருக்கு அந்த அளவு போதுமா, ஏற்கெனவே இவர் உட்கொண்டு வரும் மாத்திரைகளோடு அது ஒத்துப்போகுமா என்று நாலைந்து கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுகின்றன. அந்தக் கேள்விகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தவுடன் அடுத்த நோயாளியின் கேள்விகள் முந்தியவற்றை மூடிவிடுகின்றன; மாலையில் நூலகத்துக்குப் போக அவகாசம் கிடைக்கும்போது, எதைத் தேட வந்தோம் என்பதே பாதி மறந்துபோயிருக்கும். கைபேசி என்னும் சிறு சாதனம் வைத்தியக் கல்விக்குள் எதற்காக நுழைந்தது, அங்கே எதைச் சாதித்தது, எங்கே இடறியது என்பதை ஆராய்வதற்கு, அற்பாயுளான அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவது பொருத்தம் என்று கருதுகிறேன்.

நோயாளியின் கட்டிலையே பாடசாலையாகக் கொள்ளும் வழக்கத்துக்கு ஐரோப்பாவில் பேர்போன ஊர் ஹாலந்து தேசத்து லைடன். பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஹெர்மன் பூர்ஹாவே என்னும் பேராசிரியர், ஆண்களுக்கு 6, பெண்களுக்கு 6 என்று மொத்தம் 12 படுக்கைகளே கொண்ட ஒரு சிறு விடுதியில், பல தேசங்களிலிருந்தும் வந்து கூடிய மாணாக்கர்களுக்கு வைத்தியம் போதித்தார். அந்த மரபை அமெரிக்காவில் நிலைநாட்டியவர் வில்லியம் ஆஸ்லர். 1889 இல் பால்டிமோர் நகரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில், மாணவர்களை வெறும் பார்வையாளர்களாக நிறுத்தாமல், ஒவ்வொருவருக்கும் சில நோயாளிகளை ஒப்படைத்து, அவர்களுடைய வரலாற்றைக் கேட்டெழுதவும் உடலைப் பரிசோதிக்கவும் பழக்கினார். உள்ளுறுப்பு நோய்கள் அனைத்தையும் பற்றி அன்று அறியப்பட்டிருந்தவற்றை அவர் ஒருவரே ஒரே நூலில் எழுதி 1892 இல் வெளியிட முடிந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். இன்று எந்த மகாமேதைக்கும் அது இயலாது. அறிவு பெருகப் பெருக, ஹவுஸ் சர்ஜன்களின் வெள்ளைக் கோட்டுப் பைகளும் கையடக்க நூல்களால் பிதுங்கத் தொடங்கின; பைக்குள் அடங்காதது நூலகத்திலேயே தங்கிவிட்டது.

தங்கிவிட்டதன் அளவு எவ்வளவு என்பதை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1985 இல் வெளியான ஓர் ஆய்வில், லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்து மருத்துவர்கள் 47 பேரை அவர்களுடைய ஆலோசனை அறைகளிலேயே சந்தித்து, ஒவ்வொரு நோயாளியைப் பார்த்து முடித்ததும் அவர்கள் மனத்தில் எழுந்த கேள்விகள் என்னவென்று விசாரித்தார்கள். மூன்று நோயாளிகளுக்கு ஏறத்தாழ இரண்டு கேள்வி வீதம் எழுந்தன. அவற்றுள் நோயாளி அங்கே இருக்கும்போதே விடை கிடைத்தவை 30 விழுக்காடு மாத்திரமே. 1999 இல் அயோவா மாநிலத்துக் குடும்ப மருத்துவர்களிடையே திரட்டப்பட்ட 1,101 கேள்விகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கிற்கு விடை தேடும் முயற்சியே செய்யப்படவில்லை. முயன்றபோதும் ஒரு கேள்விக்குச் சராசரியாக இரண்டு நிமிஷங்களுக்குள்ளான அவகாசமே ஒதுக்க முடிந்தது. இந்த மருத்துவர்கள் சிரத்தையற்றவர்கள் என்று எவரும் எண்ணிவிடலாகாது. வாசலில் அடுத்தவர் காத்திருக்கும்போது, விடை இரண்டு நிமிஷங்களுக்கு அப்பால் இருந்தால், அது இல்லாததற்குச் சமமே.

இந்த இடைவெளியை நிரப்புவதற்குக் கைபேசிக்கு முந்திய காலத்தில் செய்யப்பட்ட முயற்சிகளுள், டேவிட் சாக்கெட் என்பவர் ஆக்ஸ்ஃபோர்டு நகரின் ஜான் ராட்கிளிஃப் ஆஸ்பத்திரியில் நடத்திப் பார்த்த ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. சாக்கெட் சாமானியரல்லர். கனடாவில் மக்மாஸ்டர் சர்வகலாசாலையில் மருத்துவ ஆய்வுமுறைக்கென்றே ஒரு துறையை 1967 இல் தொடங்கிய அவர், புகழின் உச்சியில் இருந்த காலத்தில், தம்முடைய வைத்திய அனுபவம் பழசாகிவிட்டதென்று உணர்ந்து, 49 ஆம் வயதில் மீண்டும் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்து இளைஞர்களோடு இரவு டியூட்டி பார்த்தவர். அத்தகைய ஒருவருக்கு, விடையை வார்டுக்கே கொண்டுபோக வேண்டும் என்ற எண்ணம் தோன்றியதில் ஆச்சரியமில்லை. 1997 ஏப்ரலில் அவரும் ஷரன் ஸ்ட்ராஸ் என்னும் மருத்துவரும் சேர்ந்து சக்கரம் வைத்த வண்டி ஒன்றைத் தயாரித்தார்கள். அதில் ஒரு மடிக்கணினி, திரையில் படம் வீழ்த்தும் கருவி, ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணைகள் அடங்கிய குறுந்தகடுகள், உடற்பரிசோதனை நூல்கள், எக்ஸ்ரே உடற்கூற்று நூல் ஆகியவற்றோடு, ஒரே நோயாளியின் இதய ஒலியைப் பலர் ஒரே சமயத்தில் கேட்கும்படி அமைந்த ஸ்டெதாஸ்கோப் ஒன்றும் இருந்தது. வேறொன்றும் இருந்தது. முந்திய மாதங்களில் வார்டில் எழுந்த கேள்விகளுக்கு அங்கே பணிபுரிந்த பயிற்சி மருத்துவர்களே தேடிக் கண்டு ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதிவைத்த விடைகளின் தொகுப்பு அது. வண்டியிலிருந்த சாதனங்களுள் மிக விரைவாக, சில விநாடிகளுக்குள், விடை தந்தது அதுவே.

அந்த ஒரு மாதத்தில் வண்டி 98 முறை பயன்படுத்தப்பட்டது. நோய்நிர்ணயத்தையோ சிகிச்சையையோ பாதிக்கக்கூடிய தேடல்களுள் விடை கிட்டியவை 71. குழுவிலேயே இளையவரின் நோக்கில் அந்த 71 ஐயும் வகைப்படுத்தியபோது, பாதிக்குச் சற்று மேற்பட்டவை அவர் நினைத்திருந்ததை உறுதிப்படுத்தின; சில புதிதாக ஒன்றைக் கற்பித்தன; 16 தேடல்களோ, அவர் செய்ய நினைத்திருந்ததைத் திருத்தின. நோயாளிக்கு மருந்து போய்ச் சேருவதற்கு முன்பே நிகழ்ந்த திருத்தங்கள் இவை. மாதம் முடிந்து வண்டியை அகற்றிய பிறகு, மருத்துவர்களைக் கேட்டபோது, ஆதாரம் தேவைப்பட்டதாக அவர்கள் சொன்ன சந்தர்ப்பங்கள் 41. உண்மையில் எழுந்துபோய்த் தேடியது 5 தடவை. அதே மனிதர்கள், அதே வார்டு, அதே ஆர்வம். மாறியது தூரம் ஒன்றுதான். ஆயினும் அந்த வண்டிக்கு ஒரு தீராத குறை இருந்தது. கட்டில்களுக்கு இடையே தள்ளிக்கொண்டு போக முடியாத அளவுக்கு அது பருத்திருந்தது.

வண்டி சுருங்கிச் சட்டைப்பைக்குள் வந்த கதை பலருக்கும் தெரிந்ததே ஆகையால் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். 1996 இல் வெளிவந்த பாம் பைலட் என்னும் கையடக்கக் கருவியில், 1990களின் இறுதியில் எப்போக்ரட்டீஸ் என்ற மருந்து அகராதி ஏறியது. மருந்தின் அளவையும், இரண்டு மருந்துகள் ஒன்றையொன்று பகைக்குமா என்பதையும் அமெரிக்கப் பயிற்சி மருத்துவர்கள் அதில் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள். 2007 இல் ஐபோனும், 2010 இல் ஐபேடும் வந்தன. 2010 இல் இங்கிலாந்தின் லீட்ஸ் சர்வகலாசாலை, ஆஸ்பத்திரிப் பயிற்சியில் இருந்த நான்காம், ஐந்தாம் ஆண்டு மருத்துவ மாணவர் அனைவருக்கும் ஐபோன் வழங்கியது. அந்தக் காலத்தையொட்டியே வேல்ஸ் நாட்டில், பட்டம் பெற்று முதலாண்டுப் பணியில் சேரும் இளம் மருத்துவர்களின் கைபேசியில் ஒரு சிறு நூலகத்தையே ஏற்றிக் கொடுக்கும் ஐடாக் என்னும் திட்டம் நடந்தது. அந்தத் திட்டத்தின் ஓர் அம்சம் சாதாரணமாகத் தோன்றினாலும் மிகுந்த விவேகமுடையது: நூல்கள் கைபேசிக்குள்ளேயே தங்கியிருந்தன, இணையத்தின் தயவு அவற்றுக்குத் தேவைப்படவில்லை. பழைய ஆஸ்பத்திரிக் கட்டடங்களின் கனத்த சுவர்களுக்குள்ளும், எக்ஸ்ரே அறைகளின் ஈயத் தடுப்புகளுக்குப் பின்னாலும் சிக்னல் எப்படித் தேய்ந்து மறையும் என்பதை அறிந்தவர்களே அவ்வாறு திட்டமிட்டிருக்க முடியும். இரவு மூன்று மணிக்கு, பெரிய டாக்டரை எழுப்புவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் இளையவருக்கு, எழுப்புவதற்கு முன் எதைப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தது அந்த நூலகம்.

சிகாகோ சர்வகலாசாலை தன் பொது மருத்துவத் துறையில் பயின்ற 115 பயிற்சி மருத்துவர்களுக்கு 2010 இன் இறுதியில் ஐபேட் கொடுத்து, கொடுப்பதற்கு முன்னும் பின்னும் நடந்ததை ஒப்பிட்டுப் பார்த்தது. தங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று அவர்கள் சொன்னார்கள். தாமே சொல்லும் கணக்கை அப்படியே ஏற்க முடியாதல்லவா? ஆகவே ஆராய்ச்சியாளர்கள் கணினியின் பதிவேட்டைப் புரட்டினார்கள். புதிதாகச் சேர்ந்த நோயாளிக்கு வேண்டிய உத்தரவுகளில், காலை 7 மணி ரவுண்ட்ஸுக்கு முன்பே இடப்பட்டவை 33 விழுக்காட்டிலிருந்து 38 ஆக உயர்ந்திருந்தன. பெரிய பாய்ச்சலன்று, ஆனால் மெய்யானது. காலையில் ஓர் உத்தரவு முந்தினால், இரத்தப் பரிசோதனை முந்துகிறது, முடிவு முந்துகிறது, அன்று மாலையே சிகிச்சையும் முந்துகிறது.

இதுவரை சொன்னவை யாவும் கைபேசியை ஒரு புத்தகமாகப் பாவித்தவை. அதை ஒரு கண்ணாகப் பாவிக்கும்போது கற்பித்தலில் நிகழும் மாறுதல் இதனினும் ஆழமானது என்பது என் அபிப்பிராயம். இதை விளக்குவதற்கு, மனிதக் கண்ணின் பாவை ஏன் கறுப்பாகத் தோன்றுகிறது என்பதைச் சற்றே நின்று பார்க்க வேண்டும். கண்ணுக்குள் கறுப்பு மை ஏதும் இல்லை. உள்ளே இருப்பது செக்கச்சிவந்த விழித்திரை. பாவையின் வழியே உள்ளே புகும் ஒளி, விழித்திரையில் பட்டுத் திரும்பும்போது, வந்த வழியே மீண்டு விளக்கை நோக்கியே போகிறது. அதைப் பிடிக்க வேண்டுமானால் நம் கண்ணை விளக்குக்கும் நோயாளிக்கும் நடுவே வைக்க வேண்டும். வைத்தாலோ நம் தலையே விளக்கை மறைத்துவிடும். இந்தச் சங்கடத்தை 1851 இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி, பக்கவாட்டில் விளக்கை வைத்து, சாய்த்துப் பிடித்த கண்ணாடித் தகடுகளால் ஒளியைக் கண்ணுக்குள் திருப்பி, மீளும் ஒளியை அதே தகடுகளின் ஊடாகத் தாம் பார்த்து வென்றார். உயிருள்ள மனிதனின் நரம்பையும் இரத்தக்குழாயையும் கத்தி வைக்காமல் காணும் பாக்கியம் அன்றுதான் வைத்தியத்துக்குக் கிட்டியது.

அந்தக் கருவியின் சந்ததியான ஆஃப்தால்மாஸ்கோப்பை வைத்துக் கற்பிக்க முயன்ற எந்த ஆசிரியரையும் கேட்டுப் பாருங்கள். அறையை இருட்டாக்கி, நோயாளியைத் தூரத்துச் சுவரில் ஒரு புள்ளியைப் பார்க்கச் சொல்லி, அவருடைய வலக்கண்ணைத் தம் வலக்கண்ணால், மூச்சு முகத்தில் படும் அளவுக்கு நெருங்கிப் பார்க்க வேண்டும். தெரிவதோ விழித்திரையின் ஒரு சிறு துண்டு; அதுவும் நோயாளி கண்ணை அசைத்தால் ஓடிவிடும். மாணவர் பார்க்கும்போது ஆசிரியர் பார்க்க முடியாது. ஆசிரியர் பார்க்கும்போது மாணவர் பார்க்க முடியாது. 'நரம்பின் முனை தெரிகிறதா?' என்று ஆசிரியர் கேட்க, 'தெரிகிறது, சார்' என்று மாணவர் சொல்ல, அவர் கண்டது நரம்பின் முனையா, அதன் அருகிலுள்ள வேறு ஏதேனுமா, அல்லது வெறும் சிவப்பா என்பதை அறிய உலகத்தில் எவருக்கும் வழியில்லை. ஒருவர் மாத்திரமே காணும் காட்சியை ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்க வேண்டியிருந்ததுதான் இந்தக் கலையின் நீண்ட நாளையத் துன்பம். அதன் விளைவையும் அளந்திருக்கிறார்கள். அட்லாண்டா நகரின் எமரி சர்வகலாசாலை ஆஸ்பத்திரியில், தலைவலி, பார்வைக் கோளாறு, மிகுந்த இரத்த அழுத்தம் முதலியவற்றோடு அவசரப் பிரிவுக்கு வந்த 350 நோயாளிகளில், மருத்துவர்கள் இந்தக் கருவியால் கண்ணின் உட்புறத்தைப் பார்த்தது 14 விழுக்காட்டினரை மட்டுமே. கற்கும்போது நம்பிக்கை பிறக்காத ஒன்றைப் பணியில் எவரும் கையில் எடுப்பதில்லை. அதே இடத்தில், மேசைமேல் வைத்த காமிராவால் தாதியர் எடுத்த படத்தைக் கொடுத்தபோது, தனிப் பயிற்சி எதுவுமின்றியே அவசர மருத்துவர்கள் முக்கியமான கோளாறுகளில் ஏறக்குறையப் பாதியைக் கண்டறிந்தார்கள்.

கைபேசியின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். காமிராவின் வில்லையும் ஃபிளாஷ் விளக்கும் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். விளக்கும் பார்வையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைய வேண்டும் என்று ஹெல்ம்ஹோல்ட்ஸ் பாடுபட்டுச் சாதித்தது இங்கே தற்செயலாகக் கிட்டிவிட்டது. இருட்டில் எடுத்த புகைப்படங்களில் கண்கள் சிவந்து தோன்றுவதற்கும் இதுவே காரணம். ஒரு கையில் கைபேசியை வீடியோ நிலையில் விளக்கெரியப் பிடித்து, மறு கையில் 20 டயாப்டர் வில்லை ஒன்றை நோயாளியின் கண்ணுக்கு முன்னால் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் நிறுத்தி, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால், பாவை விரிய மருந்து விட்ட கண்ணில், சட்டென்று திரை முழுதும் ஆரஞ்சுச் சிவப்பாக விழித்திரை நிறைகிறது. அதன் நடுவே இளமஞ்சள் வட்டமாய் நரம்பின் முனையும், அதிலிருந்து கிளைத்து ஓடும் இரத்தக்குழாய்களும் தெரிகின்றன. படம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் இருக்கும். அதற்கு மனத்தைப் பழக்கிக்கொள்ள வேண்டும். ஆனால் இப்போது ஆசிரியர் மாணவரின் தோளுக்குப் பின்னால் நின்று, வட்டத்தின் விளிம்பு மங்கியிருப்பதைச் சுட்டுவிரலால் தொட்டுக் காட்டி, மண்டைக்குள் அழுத்தம் ஏறினால் நரம்பின் முனை இப்படித்தான் வீங்கும் என்று சொல்ல முடிகிறது. கென்யா தேசத்தில் ஆண்ட்ரூ பாஸ்டாவ்ரஸ் என்னும் கண் மருத்துவரும் அவருடைய சகாக்களும் பீக் என்ற பெயரில் உருவாக்கிய கைபேசிக் கண் பரிசோதனை முறை, கண் மருத்துவர்களே அரிதான கிராமங்களில் இவ்வகைப் பரிசோதனையைப் பிறர் கைக்கும் கொண்டுசென்றது. கைபேசியோடு இணைந்த விழித்திரைக் காமிரா ஒன்றைச் சென்னையில் நீரிழிவு நோயாளிகளிடம் சோதித்து, மேசைக் காமிராவோடு ஒப்பிட்ட ஆய்வும் 2015 இல் வெளியாகியிருக்கிறது.

கண்ணுக்கு நேர்ந்தது வயிற்றுக்கும் இதயத்துக்கும் நேர்ந்துவருகிறது. அல்ட்ராசவுண்டு கருவிகள் நெடுங்காலமாக, மின்சாரம் பாய்ந்தால் அதிரும் படிகங்களைக் கொண்டே இயங்கின; 2017 இல் அமெரிக்க அரசின் அனுமதி பெற்ற பட்டர்ஃபிளை என்னும் கருவியில், படிகத்துக்குப் பதிலாக ஒரு சிலிக்கான் சில்லின்மேல் ஆயிரக்கணக்கான நுண்ணிய தோற்பறைகள் போன்ற அமைப்புகள் அதிர்கின்றன. அதைக் கைபேசியில் செருகினால் திரையில் இதயம் துடிக்கிறது. தட்டிப் பார்த்து நுரையீரலைச் சுற்றி நீர் கோத்திருக்கிறதென்று ஊகித்த மாணவர், தம் விரல்கள் சொன்னது சரியா என்பதை அடுத்த நிமிஷமே கண்ணால் சரிபார்த்துக்கொள்கிறார். விரலின் ஞானம் இதனால் மழுங்கிவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இருக்கிறார்கள். முதலில் தட்டு, ஊகி, சொல், பிறகே கருவியை எடு என்ற வரிசையை ஆசிரியர் விடாமல் காத்தால், விரல் கூர்மையடையவே செய்யும். ஏனெனில் முன்னாட்களில் விரலின் பிழை திருத்தப்படாமலே போய்விட்டது.

திருத்தம் என்று சொல்லும்போது, அறுவைக்கூடத்தில் நிகழும் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். அறுவைப் பயிற்சியில் இருப்பவருக்கு, தாம் எவ்வளவு தேறியிருக்கிறோம் என்பது பல மாதங்களுக்கு ஒருமுறை எழுதப்படும் மதிப்பீட்டுத் தாளில்தான் தெரிய வரும். அதற்குள் எந்த அறுவையில் எந்த முடிச்சில் கை தடுமாறியது என்பதை ஆசிரியரும் மறந்திருப்பார். அமெரிக்காவில் பல அறுவைப் பயிற்சித் திட்டங்களில் பயன்பட்டுவரும் சிம்பிள் என்ற செயலியில், அறுவை முடிந்து கையுறையைக் கழற்றியதும், ஆசிரியரும் மாணவரும் தத்தம் கைபேசியில் ஒரு நிமிஷத்துக்குள் முடியும் சில கேள்விகளுக்குத் தனித்தனியே விடை அளிக்கிறார்கள். ஜோசப் ஸ்விஷன்பெர்கர் என்னும் அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் நான்கு படிகள் அதில் இருக்கின்றன: ஆசிரியரே செய்து காட்டினாரா, கூடவே நின்று வழிநடத்தினாரா, மாணவர் முன்செல்லத் தாம் பின்தொடர்ந்து உதவினாரா, அல்லது மேற்பார்வை மாத்திரம் செய்தாரா? 72 மணி நேரத்துக்குள் பதிலளிக்காவிட்டால் வாய்ப்பு மூடிவிடும். ஞாபகம் பசுமையாக இருக்கும்போதே ஆசிரியர் இரண்டு வாக்கியம் பேசிப் பதிவு செய்தால் அது மாணவரைச் சென்றடைகிறது. இவ்வளவு எளிய ஏற்பாடு இத்தனை காலம் இல்லாமற் போனது, ஆசிரியர்களுக்கு மனமில்லாமையால் அன்று; காகிதமும் பேனாவும் அந்த நேரத்தில் அந்த இடத்தில் இல்லாமையால்தான்.

இனி, மறுபக்கம். 2011 டிசம்பரில் அமெரிக்க அரசின் நோயாளர் பாதுகாப்புப் பத்திரிகை ஒன்றில், ஜான் ஹலாம்கா என்னும் மருத்துவரின் விளக்கவுரையோடு ஒரு நிகழ்ச்சி வெளியாயிற்று. இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் என்னும் மருந்தை உட்கொண்டுவந்த ஒரு நோயாளியைப் பற்றி, காலை ரவுண்ட்ஸில் பெரிய மருத்துவர், இதை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள் என்று பயிற்சி மருத்துவரிடம் சொன்னார். அவரும் உடனே தம் கைபேசியை எடுத்து, ஆஸ்பத்திரியின் உத்தரவுப் பக்கத்தைத் திறந்து, நிறுத்தல் உத்தரவைப் பதியத் தொடங்கினார். அந்தக் கணத்தில் திரையில் ஒரு குறுஞ்செய்தி வந்தது; நண்பர் ஒருவர் விருந்துக்கு அழைத்திருந்தார். வருகிறேன் என்று பதில் அனுப்பினார். ரவுண்ட்ஸ் அடுத்த நோயாளிக்கு நகர்ந்தது. உத்தரவு முற்றுப்பெறாமலே கிடந்தது. மருந்து நின்றுவிட்டதாக எல்லாரும் எண்ணியிருக்க, நாள்தோறும் அது கொடுக்கப்பட்டே வந்தது. சில நாட்களில் நோயாளிக்கு மூச்சுத் திணறல் கண்டது. இரத்த அழுத்தம் இறங்கியது. இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் இரத்தம் கசிந்து நிறைந்து, இதயத்தை விரியவிடாமல் நெருக்கிக்கொண்டிருந்தது. அவசரமாக மார்பைத் திறந்து அறுவை செய்ய நேர்ந்தது.

இந்த நிகழ்ச்சியில் எவருக்கும் அறிவுக் குறைவு இல்லை என்பதை வாசகர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வார்ஃபரினைப் பற்றி அந்த இளைஞருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. பெரியவர் சொன்னது அவருக்குப் புரியாமலும் இல்லை. மனித மனம் ஒரு காரியத்தை இடையில் விட்டு மற்றொன்றுக்குத் தாவும்போது, விட்ட இடத்துக்குத் திரும்ப அதற்கு ஒரு புற அடையாளம் வேண்டும். எழுதிக்கொண்டிருந்த கேஸ் ஷீட்டை மூடாமல் வைத்தால், பாதி வாக்கியம் கண்ணில் பட்டு நினைவூட்டும். கைபேசியின் திரையிலோ, புதியது வந்தவுடன் பழையது தடயமின்றி மறைந்துவிடுகிறது. கல்விக்கும் உத்தரவுக்கும் நண்பர்களின் அழைப்புக்கும் ஒரே திரை என்ற அமைப்பிலேயே அபாயம் புதைந்திருக்கிறது. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஒரு போதனா ஆஸ்பத்திரியில் விசாரித்தபோது, ரவுண்ட்ஸின்போது கைபேசியில் கவனம் சிதறி முக்கியமான தகவலைத் தவறவிட்டதாகப் பயிற்சி மருத்துவர்களில் 19 விழுக்காட்டினரும், ஆசிரியர்களிலேயே 12 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டார்கள். ஆகவே வார்டுக்குள் நுழையும்போது சொந்தச் செய்திகளின் அறிவிப்பை அடக்கிவைப்பதும், தொடங்கிய உத்தரவை முடிக்காமல் வேறு பக்கத்துக்குப் போனால் செயலியே எச்சரிப்பதும் அவசியமான ஏற்பாடுகள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலைக்கென்று தனிக் கைபேசி வழங்க வசதியுள்ள ஆஸ்பத்திரிகள் அதைச் செய்தால் இன்னும் நல்லது.

கிருமிகளைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நோயாளியைத் தொட்டபின் கையைக் கழுவிவிட்டு, கழுவாத கைபேசியைத் தொட்டு, அடுத்த நோயாளியைத் தொடுகிறவர், கழுவியதன் பயனை இழக்கிறார்; மருத்துவர்களின் கைபேசிகளில் நோய்க்கிருமிகள் தங்கியிருப்பதைப் பல தேசத்து ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரையை ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைப்பதும், கைபேசியைத் தொட்டபின் மீண்டும் கை சுத்தம் செய்வதும் தவிர வேறு மார்க்கமில்லை.

புகைப்படத்தின் விஷயம் அப்படி எளிதில் தீர்வதன்று. தோலில் கண்ட அபூர்வமான தடிப்பு ஒன்றை மாணவர் படமெடுத்து, தம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் 'இது என்னவாக இருக்கும்?' என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கேட்ட நோக்கம் தூயது. கற்றலும் அங்கே நடக்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தின் ஓரத்தில் நோயாளியின் கையில் கட்டிய பெயர்ப்பட்டை விழுந்திருக்கலாம். படக் கோப்புக்குள் எடுத்த நேரமும், அமைப்பை மாற்றி வைக்காவிட்டால் எடுத்த இடமும் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும். குழுவிலுள்ளவர்களின் கைபேசிகளில் அது தானாகவே ஆல்பத்தில் சேர்ந்து, அங்கிருந்து இணையச் சேமிப்புக்கும் போய்விடும். வீட்டில் குழந்தை கைபேசியை வாங்கிப் படங்களைத் தள்ளிப் பார்க்கும்போது, யாரோ ஒருவரின் உடற்புண் அங்கே தோன்றும். நோயாளி தம் உடலை மருத்துவருக்குக் காட்டச் சம்மதித்தது சிகிச்சையின் பொருட்டு. கற்பிப்பதற்காகப் படமெடுக்க வேண்டுமானால் அதற்கெனத் தனியே, அவருக்கு விளங்கும் மொழியில், மறுப்பதற்கு இடம் வைத்துக் கேட்க வேண்டும். எடுத்த படம் ஆஸ்பத்திரியின் காவலுள்ள சேமிப்புக்கு நேரே போய், கைபேசியில் தங்காமல் இருக்க வேண்டும். இலவச வார்டில் படுத்திருக்கும் ஏழை ஒருவர் மறுத்துச் சொல்ல எவ்வளவு தயங்குவார் என்பதை நினைத்தால், கேட்கும் பொறுப்பு எத்தனை கனமானது என்பது விளங்கும்.

கைபேசி வந்தபின் மாணவர்கள் எதையும் மனத்தில் வைத்துக்கொள்வதில்லை என்று மூத்த ஆசிரியர்கள் வருந்துவதைக் கேட்கிறோம். மருந்துகளின் அளவு மனத்தில் இல்லாமற் போவதைப் பற்றி நான் கவலைப்படவில்லை. ஞாபகத்தை நம்பி அளவெழுதுவதைவிடப் பார்த்து எழுதுவதே நோயாளிக்குப் பத்திரமானது. கவலை வேறிடத்தில் இருக்கிறது. தேடுவதற்கு முதலில் ஒரு நல்ல கேள்வி வேண்டும். நல்ல கேள்விக்கு நோயாளியின் வரலாறு வேண்டும். அந்த வரலாறோ, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை இடைமறிக்காமல் கேட்பவருக்கே கிட்டும். மூச்சிரைக்கும் முதியவர், இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறதென்று சொன்னதை வாங்கிக்கொள்ளாத மாணவர், மூச்சிரைப்பு என்ற ஒரே சொல்லைத் தட்டினால் நூற்றுக்கணக்கான காரணங்கள் திரையில் வந்து குவியும். அவற்றுள் எது இவருடையது என்பதை எந்தத் திரையும் சொல்லாது. வரலாறு கேட்டு, உடலைப் பரிசோதித்து, தம் ஊகத்தை வாய்விட்டுச் சொல்லி முடிக்கும்வரை கைபேசி பையிலேயே இருக்கட்டும் என்று விதிக்கும் ஆசிரியர், நான் அறிந்தவரையில், கைபேசிக்கு விரோதியல்லர். அதை மிக நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவர்.

கட்டிலில் படுத்திருப்பவரின் பார்வையில் இது எப்படித் தோன்றும் என்பதும் மிச்சமிருக்கிறது. வேல்ஸ் நாட்டுத் திட்டத்தில் நூலகத்தையே கையில் பெற்ற இளம் மருத்துவர்கள்கூட, நோயாளியின் முன்னிலையில் அதை எடுக்கக் கூசினார்கள். சொந்த அரட்டையில் இருப்பதாக அவர் நினைத்துவிடுவாரோ, இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எண்ணிவிடுவாரோ என்ற அச்சம். இந்தக் கூச்சத்தைத் தீர்க்கும் வழி ஒளிந்து பார்ப்பதல்ல. 'ஐயா, உங்களுக்கு எழுதப்போகிற மருந்து, நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை மாத்திரையோடு சேருமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட்டு எடுத்தால், அவர் காத்திருப்பார். பார்த்து முடித்ததும் திரையை அவர் பக்கம் திருப்பி, மகனோ மகளோ உடனிருந்தால் அவர்களுக்கும் காட்டி, கண்டதை இரண்டு வார்த்தையில் விளக்கினால், அந்த மாத்திரையின் பெயரை அவர் தாமே திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். நோயாளியின் முன்னால் எதைச் சொல்லிக்கொண்டு கைபேசியை எடுப்பது என்பதை, ஸ்டெதாஸ்கோப்பை எங்கே வைப்பது என்பதைப் போலவே, முதலாண்டிலிருந்தே பாடமாகக் கற்பிக்க வேண்டும். கற்பித்தபின், மாணவர் அதை மெய்யாகவே செய்கிறாரா என்பதை ஆசிரியர் வார்டில் கூடவே நின்று கவனிக்கவும் வேண்டும்.